பத்தாவது ஆள்

அம்மாவின் சம்பளச் சீட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. 1986 நவம்பர் மாதத்தது. மடிப்பில் கிழிந்து, பழுப்பேறி, தொட்டால் உதிரும்போல் இருக்கும். வேலை நாள் எத்தனை, கொழுந்து எத்தனை கிலோ, முன்பணம் எவ்வளவு, கம்பளிக்குப் பிடித்தது எவ்வளவு என்று நீலப் பேனாவில் வரிசையாகப் போய்க்கொண்டே வரும் கணக்கில், கடைசிக்கு முந்தின வரி மட்டும் சிவப்பு மை. ‘9(2) – 8 நாள்’. அவ்வளவுதான். எட்டு நாள் கூலி போய்விட்டது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தனியார் தேயிலைத் தோட்டம். பெயர் இப்போது வேண்டாம், முதலாளி மூன்று கை மாறிவிட்டார். நாங்கள் சிலோனிலிருந்து வந்த குடும்பம். 1964ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்களே, அதில் இந்தியப் பங்கில் விழுந்தவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் நின்று, கடைசியில் இந்த மலைக்கு வந்தோம். அங்கே கிள்ளிய அதே கொழுந்துதான் இங்கேயும். அங்கே கணக்கப்பிள்ளை என்றால் இங்கே ரைட்டர்.

நடந்தது இதுதான். கோத்தகிரிக்கு ஐப்பசி மழைதான் பெரிய மழை. மழைக்காலத்தில் இலை ஈரமாக இருக்கும், எடை கூடக் காட்டும். அதனால் நிறுக்கும்போது தண்ணீருக்கென்று ஒரு கிலோ கழிப்பார்கள். அது பழைய வழக்கம், யாரும் முணுமுணுப்பதில்லை. அன்றைக்கு மத்தியான நிறுவையில் திடீரென்று மூன்று கிலோ கழித்தார்கள். கூடைக்கு மூன்று கிலோ என்றால், இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு அட்டைக் கடியோடு நனைந்துகொண்டே கிள்ளியதில் பாதி மணி நேர உழைப்பு. அம்மாவும் கூட இருந்த பெண்களும் திரும்ப மலைக்கு ஏறவில்லை. நிறுவைக் கொட்டகைக்குப் பக்கத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் கிடையாது, கொடி கிடையாது. ஒருத்தி வெற்றிலை மடித்துக் கொடுத்ததாக அம்மா சொல்வார். இரண்டரை மணி நேரம். அப்புறம் ஜீப்பில் துரை வந்தார். (வெள்ளைக்காரர் போய் நாற்பது வருஷமானாலும் மேனேஜர் எங்களுக்குத் துரைதான்.) ரைட்டரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மூன்று கிலோ மறுபடி ஒரு கிலோ ஆனது. பெண்கள் எழுந்து போய் ஐந்து மணி வரை கிள்ளினார்கள். ஜெயித்துவிட்டோம் என்றே வீட்டுக்கு வந்தார்கள்.

சம்பளத்தன்று சிவப்பு மை.

அது என்ன ‘9(2)’ என்று எங்கள் லைன் வீடுகளில் யாருக்கும் தெரியவில்லை. சங்கத் தலைவரிடம் கேட்டதற்கு, ‘அது கெவர்மெண்டு சட்டம்மா’ என்றாராம். எனக்குத் தெரிந்தது பத்து வருஷம் கழித்து. குன்னூரில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது. ஒரு கிராஜுவிட்டி கேஸுக்காக 1936ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது பிரிவு, இரண்டாவது உட்பிரிவு. படித்துவிட்டு எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

வேலைக்கு வராத நாளுக்குக் கூலி பிடிக்கலாம், ஆனால் வராத நேரத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்றது அந்தப் பிரிவு. நியாயம்தான். அதற்கு ஒரு விலக்கு: பத்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு, தரவேண்டிய முன்னறிவிப்பைத் தராமல், தகுந்த காரணமில்லாமல் வராமலிருந்தால், எட்டு நாள் கூலி வரைக்கும் பிடித்துக்கொள்ளலாம். சரி, இவர்கள் அங்கேயேதானே உட்கார்ந்திருந்தார்கள், எங்கே வராமல் போனார்கள்? அதற்கும் கீழே ஒரு விளக்கம் போட்டிருந்தது. வேலையிடத்தில் ஆள் இருந்தாலும், உள்ளிருப்புப் போராட்டமாக வேலை செய்ய மறுத்தால் அவர் வராதவராகவே கருதப்படுவார். கண்ணெதிரே உட்கார்ந்திருந்த என் அம்மா சட்டப்படி அங்கே இல்லை.

இத்தனைக்கும் அந்தச் சட்டம் முதலாளிகள் கண்டபடி கூலியைப் பிடிக்காமல் இருக்கத் தொழிலாளிக்காகக் கொண்டுவந்தது. அதன் மற்றப் பிரிவுகளை வைத்து எத்தனையோ பேருக்குக் காசு வாங்கிக் கொடுத்திருக்கிறோம், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு என் கண்ணில் பட்டது அந்த எண் மட்டுமே. ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தால் இரண்டரை மணி நேரக் கூலி. பத்தாவது ஆள் வந்து உட்கார்ந்த நிமிஷம் எல்லோருக்கும் எட்டு நாள். அப்போதிருந்து தொழிற்சங்கச் சட்டம் எதைப் பார்த்தாலும் முதலில் எண்களைத் தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

பழைய சட்டங்களில் எண்ணெல்லாம் கிடையாது. இங்கிலாந்தில் 1799லும் 1800லும் கொண்டுவந்த கூட்டுத்தடைச் சட்டங்கள், கூலி உயர்வுக்காகத் தொழிலாளிகள் சேர்வதே குற்றம் என்று நேரடியாகச் சொல்லிவிட்டன. முதலாளிகள் சேர்வதற்கும் காகிதத்தில் தடை இருந்தது, யார் கேட்டார்கள்? 1824ல் அந்தச் சட்டங்கள் போயின. ஆனால் 1834ல் டோல்படில் என்ற கிராமத்தில் ஆறு பண்ணைக் கூலிகள் சங்கம் வைத்தபோது, சங்கம் வைத்ததற்காகத் தண்டிக்க முடியாதே என்று, சேரும்போது ரகசியச் சத்தியம் செய்தார்கள் என்று சொல்லி ஏழு வருஷம் நாடு கடத்தினார்கள். இரண்டு வருஷத்தில் மன்னிப்பு கொடுத்தது வேறு விஷயம். சேர்வது தப்பு என்று சொல்வதை விட்டுவிட்டு, சேரும்போது செய்த வேறொன்றைத் தப்பாக்கும் வித்தையை எனக்குத் தெரிந்து அங்கேதான் முதலில் பார்க்கிறேன். எனக்கென்னவோ 1799 சட்டத்திலாவது ஒரு நேர்மை இருந்ததாகத் தோன்றுகிறது.

நம் பக்கத்தில் சங்கம் என்ற பேச்சே எழாத காலத்தில், ஒற்றை ஆள் வேலையை விட்டுப் போவதே குற்றமாக இருந்தது. 1859ம் வருஷத்துப் 13ம் எண் சட்டம்: முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராதவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தலாம், பணத்தைத் திருப்பு அல்லது வேலையைச் செய் என்று உத்தரவு போடலாம், மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கடன் வாங்கியவன் தராவிட்டால் சிவில் வழக்கு, கூலிக்காரன் தராவிட்டால் மட்டும் ஜெயில். மேஸ்திரி சமவெளியில் போய் முன்பணம் கொடுத்து ஆள் கட்டிக்கொண்டு வந்த நீலகிரித் தோட்டங்களுக்கு இந்தச் சட்டம் முதுகெலும்பு மாதிரி. அதுவும் போதவில்லை என்று 1903ல் மதராஸ் தோட்டத் தொழிலாளர் சட்டம் என்று தனியாகவே ஒன்று வந்தது. நீலகிரியையும் வயநாட்டையும் போன்ற தோட்டப் பகுதிகளை மனதில் வைத்து எழுதியது, ஓடிப்போனவனுக்குத் தண்டனை அதிலும் உண்டு. 1859 சட்டத்தை 1925ல்தான் ரத்து செய்தார்கள்.

கடல் தாண்டியும் இதே கதைதான். என் பூட்டன் காலத்துச் சிலோனில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. கங்காணிக்குப் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு இந்த ஆட்களை விடலாம் என்று எழுதிக் கொடுக்கும் காகிதம். துண்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாது. 1921ல் அதை ஒழித்தார்கள். அம்மாயி அவர் அப்பா சொன்னதாகச் சொல்வார்: ‘ஆட்டுக்குக் காதுல அறுப்பு, நமக்குத் துண்டு.’

சென்னையில் 1918 ஏப்ரலில் மதராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்ததைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு என்ற இரண்டு வியாபாரிகள் தொடங்கி வைக்க, பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. தோள் கொடுத்தார். எனக்கு முக்கியமாகப் படுவது 1920 கடைசியில் நடந்தது. சங்கத்து ஆட்கள் வேலை செய்த மில்களை நடத்திய பின்னி கம்பெனி உயர்நீதிமன்றத்துக்குப் போய், தொழிலாளிகளை வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டுகிறார்கள் என்று வாடியா முதலானவர்கள் மீது வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. நஷ்டஈடும் கேட்டது. எந்தத் தனிச் சட்டமும் தேவைப்படவில்லை, இங்கிலாந்துப் பொதுச்சட்டத்தின் சதிக்கோட்பாடே போதுமாக இருந்தது. கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலகும்படி ஆனது. சங்கத் தலைவர் என்பவர் சங்க வேலையைச் செய்ததற்காக வீடு வாசலை இழக்கலாம் என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது. அந்த அதிர்ச்சியில்தான் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் குரல் கொடுத்து, இழுத்து இழுத்து, 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் உயிர் 17, 18 ஆகிய இரண்டு பிரிவுகள். பதிவு பெற்ற சங்கத்தின் நோக்கத்துக்காக உறுப்பினர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டால் அது குற்றச் சதி ஆகாது என்றது ஒன்று. தொழில் தகராறில் வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதற்காக மட்டும் சிவில் வழக்குப் போட முடியாது என்றது மற்றது. பின்னி வழக்கு மறுபடி நடக்காமலிருக்கப் போட்ட பூட்டு அது. சங்கத்தைப் பதிய ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றிருந்தது. (பாருங்கள், ஏழு பேரென்றால் சங்கம், பத்து பேரென்றால் எட்டு நாள் பிடித்தம்.) அந்த ஏழும் 2001 திருத்தத்தில் மாறியது. குறைந்தது ஏழு பேர் என்பதோடு, நிறுவனத்தில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், எது குறைவோ அது வேண்டும் என்றார்கள்.

தோட்ட முதலாளிகள் சங்கமான உபாசி 1893ல் தொடங்கியது. அதன் தலைமையகம் எங்கள் குன்னூரில் கிளன்வியூவில் இருக்கிறது, தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். கூலி என்ன கொடுப்பது, சர்க்காரிடம் என்ன கேட்பது என்று தோட்ட துரைமார் சேர்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்து 33 வருஷம் கழித்துத்தான், அவர்களுடைய கூலிக்காரர்கள் சேர்ந்து பேசுவது சதி இல்லை என்று சட்டம் சொன்னது. அவர்கள் மீது நான் குறை சொல்லவில்லை, வருஷத்தை மட்டும் சொல்கிறேன்.

கொடுத்த கையோடு பிடுங்குவது அடுத்த மூன்றே வருஷத்தில் நடந்தது. 1926ல் இங்கிலாந்தில் நடந்த பொது வேலைநிறுத்தத்துக்குப் பழிவாங்கல் மாதிரி அங்கே 1927ல் ஒரு சட்டம், அதன் சாயலில் இங்கே 1929ல் தொழில் தகராறுச் சட்டம். சொந்தத் தொழில் தகராறைத் தாண்டி, ஜனங்களைக் கஷ்டப்படுத்தி அரசை நெருக்கச் செய்கிற வேலைநிறுத்தம் சட்டவிரோதம், ரயில், தபால், தண்ணீர் போன்ற பொதுப் பயன்பாட்டுப் பணிகளில் முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தினால் தண்டனை. 1929 ஏப்ரல் 8ல் பகத்சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் சபையில் குண்டு வீசியது இந்த மசோதா நிறைவேறிய சூட்டில்தான். பள்ளிக்கூடத்தில் குண்டைச் சொல்லிக் கொடுத்தார்கள், மசோதாவைச் சொல்லித் தரவில்லை. அந்த முன்னறிவிப்பு விஷயம் 1947ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில் 22ம் பிரிவாகக் குடியேறியது. பொதுப் பயன்பாட்டுப் பணி என்றால் 14 நாள் நோட்டீஸ், சமரசப் பேச்சு நடக்கும்போதும் முடிந்த ஏழு நாளுக்கும் வேலைநிறுத்தம் கூடாது. மற்றத் தொழில்களுக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. தேயிலைத் தோட்டக்காரர்களுக்கு அந்த வகையில் கொஞ்சம் மூச்சு விட இடம் இருந்தது.

சிலோனில் எங்கள் ஜனங்களுக்கு அந்த இடமும் இல்லை. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். அதற்குப் பிறகு அங்கே சங்கம் வேகமாகத்தான் வளர்ந்தது. 1947 தேர்தலில் தோட்டத்து ஓட்டில் ஆட்கள் பாராளுமன்றத்துக்கே போனார்கள். மறுவருஷம் வந்தது குடியுரிமைச் சட்டம், தோட்டத்து ஜனங்களை நாடற்றவர்களாக்கியது. சங்கத்தைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. ஆனால் குடியுரிமையும் ஓட்டும் இல்லாத சங்கம் எவ்வளவு பேரம் பேச முடியும்? தொழிற்சங்கத்தைக் கட்டுப்படுத்திய சட்டங்களின் பட்டியலில் அதை யாரும் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன். நான் கோத்தகிரியில் வளர்ந்ததற்கே அதுதான் காரணம்.

2003 ஜூலையை இங்கே பலருக்கும் ஞாபகம் இருக்கும். அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தம். எஸ்மா என்கிற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்தி ஓர் அவசரச் சட்டம், சுமார் 1,70,000 பேர் ஒரே வீச்சில் டிஸ்மிஸ். அப்போது நாங்கள் குடியிருந்த வீட்டு மாடியில் ஒரு டீச்சரம்மா இருந்தார். ஆகஸ்ட் 6ல் உச்சநீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ கிடையாது என்றது. பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொள்ள அரசு சம்மதித்தது, நிபந்தனையற்ற மன்னிப்பும், நடத்தை விதி 22ஐ மீற மாட்டேன் என்ற உறுதியும் எழுதித் தந்தால். குமாஸ்தா என்பதால் டீச்சரம்மா என்னிடம்தான் வந்தார். வாசகம் ஏற்கெனவே அச்சாகி வந்திருந்தது, பெயரும் தேதியும் போட வேண்டியதுதான். ‘மன்னிப்புக் கோருகிறேன்னு எழுதுறதுல சந்தி வரும், இதுல க்-கை விட்டுருக்காங்க தம்பி’ என்றார். சிவப்புப் பேனா எடுத்துத் திருத்திவிடுவாரோ என்று பயந்துபோனேன். திருத்தாமல் கையெழுத்துப் போட்டார்.

என் மனைவியின் அண்ணன் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் இருக்கிறார். 2021 ஜூனில் அதையும் சேர்த்து 41 படைக்கலத் தொழிற்சாலைகளையும் ஏழு கம்பெனிகளாகப் பிரிப்பதென்று மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. சங்கங்கள் ஜூலை 26 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்றன. ஜூன் 30ம் தேதியே அத்தியாவசியப் பாதுகாப்புப் பணிகள் அவசரச் சட்டம் வந்துவிட்டது, ஆகஸ்டில் முழுச் சட்டமாகவும் ஆனது. தடை போட்ட இடத்தில் வேலைநிறுத்தம் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை, தூண்டினாலோ அதற்குப் பணம் கொடுத்து உதவினாலோ இரண்டு வருஷம் வரை. மெதுவாக வேலை செய்தாலும் வேலைநிறுத்தம், கும்பலாக தற்செயல் விடுப்பு எடுத்தாலும் வேலைநிறுத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் பிரதியை நான் படித்துச் சொல்லச் சொல்ல மச்சான் சிரித்துக்கொண்டே கேட்டார். ‘அப்ப நாலு பேரு சேர்ந்து காய்ச்சல்ல படுக்கிறதுக்குக்கூட ஆர்டர் வாங்கணும்னு சொல்லுங்க மாப்ளை.’ அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. சீட்டுப் போட்டு, வேலைநிறுத்தத்தில் கஷ்டப்படும் குடும்பத்துக்கு ஐந்நூறு ரூபாய் கொடுப்பது எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டார். எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 26 வந்தது. கார்டைட் சங்கு வழக்கம்போல ஊதியது, மச்சான் டிபன் பாக்ஸோடு கேட்டுக்குள் போனார். அக்டோபர் 1ல் ஃபேக்டரி மியூனிஷன்ஸ் இந்தியா என்ற கம்பெனிக்குள் போய்விட்டது. அந்தச் சட்டம் ஒரு வருஷ ஆயுளோடுதான் பிறந்தது. வேலை முடிந்ததும் அதுவும் போனது.

போகவில்லை என்று இப்போது தெரிகிறது. 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பில் அந்தக் கும்பல் விடுப்பு மறுபடி வந்திருக்கிறது, இந்தத் தடவை பாதுகாப்புத் துறைக்கு மட்டும் என்றில்லாமல். ஒரு நிறுவனத்தில் ஐம்பது சதவீதமோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அது வேலைநிறுத்தம். பொதுப் பயன்பாட்டுப் பணிக்கு மட்டும் இருந்த 14 நாள் நோட்டீஸ் இனி எல்லாத் தொழிலுக்கும். நோட்டீஸ் கொடுத்ததும் சமரசப் பேச்சு தொடங்கும், பேச்சு நடக்கும்போது வேலைநிறுத்தம் கூடாது. நோட்டீஸ் கொடுக்காமல் நிறுத்தினால் சட்டவிரோதம், கொடுத்தால் நிறுத்த நாள் கிடைக்காது. பேரம் பேச 51 சதவீதம் ஆதரவுள்ள சங்கம் வேண்டும், இல்லாவிட்டால் 20 சதவீதத்துக்கு ஓர் ஆள் என்று பேச்சுவார்த்தைக் குழு. ஒரே தோட்டத்தில் நாலைந்து கொடி பறக்கிற எங்கள் பக்கத்தில் 51 யாரிடமும் இருக்காது. ஒரே சங்கம் பேசுவது நல்லதுதானே என்று என் வக்கீல் சொல்கிறார். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. சங்கங்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். எண்ணி முடிப்பது யார் என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

அதே நாளில் ஊதியச் சட்டத்தொகுப்பும் அமலுக்கு வந்தது. 1936 சட்டம் ஒழிந்தது. ஒன்பதாம் பிரிவு என்ன ஆயிற்று என்று தேடிப் பார்த்தேன். 20ம் பிரிவில் பத்திரமாக இருக்கிறது. அதே பத்து பேர், அதே எட்டு நாள்.

போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது சம்பளச் சீட்டை அம்மாவிடம் காட்டி விஷயத்தைச் சொன்னேன். ஒன்பது பேராக இருந்திருந்தால் இந்தச் சிவப்பு மையே இல்லை என்று. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், பக்கத்து வீட்டுச் சின்னம்மாவைக் கூப்பிட்டார். அவரும் அன்றைக்கு அந்த மரத்தடியில் இருந்தவர். இரண்டு பேரும் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார்கள். இவள் ஒன்று, மேல் லைன்காரி இரண்டு, செத்துப்போன பெரியக்கா மூன்று… ஒன்பது வரைக்கும் தகராறில்லை. பத்தாவதாக அம்மா ஒரு பெயரைச் சொன்னார்.

‘அவ எங்கக்கா ஒக்காந்தா? அவதான் பிள்ளைக்காம்பராவுக்குப் பால் குடுக்கப் போனாளே’ என்றார் சின்னம்மா.

‘வந்துட்டாளே.’

‘வந்தா. தொரை வந்ததுக்கு அப்புறம் வந்தா. பிள்ளை தூங்கலைன்னு சொல்லிக்கிட்டே வந்தா.’

அம்மா மடக்கின விரலை நீட்டவும் இல்லை, விடவும் இல்லை. ‘அவளுக்கும்தானே எட்டு நாள் புடிச்சாங்க’ என்றார்.

‘புடிச்சாங்க’ என்றார் சின்னம்மா.